மீன் டாக்டரின் பொத்தான்

உறவுக்காரர்கள் அவளை மீன் டாக்டர் என்பார்கள். முதலில் வெறும் டாக்டர் என்றுதான் ஆரம்பித்தார்கள். முனைவர் பட்டம் வாங்கிய வருஷம் ஒரு பெரியப்பா முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். ஒரு சித்தி தன் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது, நான் மீனோட ஞாபகசக்தியைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன் என்று அவள் சொன்னதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து மீன் டாக்டர். கேலிப் பெயர்தான். ஆனாலும் அவள் வேலை செய்த ஆராய்ச்சி நிறுவனம் அவளுக்குக் கொடுத்திருந்த பெயருக்கு இது எவ்வளவோ தேவலை.

நிறுவனத்தில் இரண்டு சாதிதான் உண்டு: மாணவர், ஊழியர். அவள் மாணவி இல்லை, படித்து முடித்து ஒன்பது வருஷமாகிறது. ஊழியரும் இல்லை, ஊழியர் என்றால் நிரந்தரமானவர். அவளுடையது ஒரு வருஷ ஒப்பந்தம், வருஷம் முடிந்தால் இன்னொரு ஒரு வருஷ ஒப்பந்தம். நூலகத்தில் மாணவருக்குப் பச்சை அட்டையும் ஊழியருக்கு நீல அட்டையும் கொடுத்தார்கள். எந்த நிறமும் பொருந்தாததால் அவளுக்கு விருந்தினர் அட்டை கொடுத்தார்கள். ஒன்பது வருஷமாக விருந்தாளி. சொந்த அத்தை வீட்டில்கூட இப்படி உட்கார முடியாது.

இன்னொரு விருந்தாளியும் இருந்தான். பக்கத்து மேசை. நத்தையின் ஓடு எப்படி வளர்கிறது என்று ஆராய்கிறவன் என்பதால் எல்லோருக்கும் அவன் நத்தை. மற்றபடி சுறுசுறுப்பானவன், பேச்சில் யாரும் அவனை முந்த முடியாது. இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். ஒரே அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்கள். பேராசிரியரிடம் திட்டு வாங்கிய நாளில் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்தவர்கள். அவனைப் போல ஒரு நண்பன் அவளுக்கு வேறு கிடையாது. அப்படியிருக்க அந்த வருஷம் நிறுவனம் ஒரு நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் செய்தது. ஒன்றே ஒன்று. இருவரும் விண்ணப்பம் போட்டார்கள்.

அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. வயது வரம்பை அடுத்த வருஷம் தாண்டிவிடுவாள். ஒப்பந்தத்தையும் இதற்கு மேல் புதுப்பிக்க விதியில் இடமில்லை என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அவள் கணவன் வேறொரு ஊரில், ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அவனோடு இருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீன் டாக்டர் ரயிலேறிப் போய், ஒன்றரை நாள் அம்மாவாக இருந்துவிட்டு வருவாள். அவன் கம்பெனிக்கு இந்த ஊரிலும் ஒரு கிளை உண்டு. ஆனால் வருஷத்துக்கு வருஷம் அந்தரத்தில் தொங்கும் வேலையை நம்பி யார் வீட்டை மாற்றுவார்கள்?

"உனக்கு பர்மனென்ட் ஆகட்டும். அன்னிக்கே டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னால் செய்கிறவன். குறை அவனிடம் இல்லை, பதவியிடம்தான் இருந்தது.

இனி அவளுடைய கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். மீனுக்கு ஞாபகசக்தி கிடையாது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. விஞ்ஞானிகள் அவ்வளவு மோசமாகச் சொல்வதில்லை, ரொம்ப நாள் தங்காது என்பார்கள். அவள் விரல் நீள மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் விட்டாள். தண்ணீருக்குள் வைத்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு மணியோசையை எழுப்பி, உடனே வலது மூலையில் தீனி போட்டாள். கொஞ்ச நாளில் மணி கேட்டாலே மீன்கள் வலது மூலைக்கு ஓடி வந்தன. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவள் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் மணியே அடிக்கவில்லை. தீனி மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் மணியை அடித்தாள். மொத்தக் கூட்டமும் வலது மூலைக்குத் திரும்பிற்று. ஒரு வருஷத்துக்கு முந்தைய மணியை மீன் மறக்கவில்லை! பெரிய பத்திரிகை ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. உள்ளூர் செய்தித்தாளில் 'மறக்காத மீன்' என்று ஒரு பத்தி வந்தது. பெரியப்பா அதை வெட்டி வைத்துக்கொண்டார்.

மணியைத் தானாக அடிக்க ஒரு கருவி உண்டு. பரிசோதனை தொடங்கிய புதிதிலேயே அது பழுதாகிவிட்டது. புதிது வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாள். கொள்முதல் பிரிவில் மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தாள். பிறகு, அதை ஒரே கம்பெனிதான் செய்கிறது என்று சான்றிதழ் கேட்டார்கள். அதையும் கொடுத்தாள். ஒரே கம்பெனிதான் செய்கிறதென்றால் மூன்று கம்பெனிகளிடம் எப்படி விலை வாங்கினீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். அதோடு அவள் கை கழுவிவிட்டாள். தொட்டிக்கு வலது பக்கச் சுவரில் ஒரு பொத்தானை மாட்டி, மணி அடிக்க வேண்டிய நேரங்களில் தானே போய் நின்று அமுக்கினாள். மணி இல்லாதபோது மீன்கள் என்ன செய்கின்றன என்றும் பார்க்க வேண்டுமல்லவா? அந்த நேரங்களில் அமுக்க ஒன்றுமில்லாததால் அறைக்குள் போகவில்லை. கேமரா பாட்டுக்குப் படம் எடுத்தது, மீன்கள் பாட்டுக்கு நீந்தின.

புத்திசாலியான வாசகர் இந்நேரம் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார். அவளும் பேராசிரியரும் கட்டுரையைப் பரிசீலித்த மூன்று நிபுணர்களும் அடித்துக்கொள்ளவில்லை. அவர்கள் ரொம்பப் படித்தவர்கள்.

நேர்காணலுக்கு முன் ஒத்திகை பார்ப்பது அங்கே ஒரு வழக்கம். ஆள் இல்லாத கருத்தரங்கு அறையில் ஒருவர் மேடையில் நின்று பேச, மற்றவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பரம்பரைப் பகையாளி மாதிரி கேள்வி கேட்க வேண்டும். இங்கே மூக்கறுபட்டால் அங்கே அறுபடாது என்று கணக்கு. ஒரே பதவிக்குப் போட்டியிடுகிறவர்களாயிற்றே, யாராவது தன் எதிராளிக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுப்பார்களா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் இவளுக்கு நத்தையையும் நத்தைக்கு இவளையும் விட்டால் வேறு ஆளில்லை. இவள் அவனுடைய ஓட்டில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தாள். அவன் நன்றி சொல்லி அதை அடைத்துவிட்டு வந்தான்.

அந்த சமயம் பார்த்து அவள் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. விடுப்பு எடுத்தாள். தீனி போடும் பொறுப்பு நத்தையிடம் போனது. அம்மாவின் கண் சரியாகி, அவள் திரும்பி வந்த காலையில் அவன் கையில் டீயோடு வந்தான்.

"உன் மீனெல்லாம் செவிடாயிடுச்சு, தெரியுமா?"

"என்னது?"

"சும்மா ஆசைக்குத் தினமும் பட்டனை அமுக்கிப் பாத்தேன். ஒண்ணுகூட என்னை மதிக்கல. எஜமானி இல்லன்னா வேலை செய்ய மாட்டேன்னு ஸ்ட்ரைக் போல."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். டீயைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவப் போன இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். எஜமானி இல்லையென்றால்.

மீன் அறைக்குப் போனாள். பொத்தானைத் தொடவில்லை. தொட்டிக்கு வலது பக்கம், வழக்கமாக நிற்கும் இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். மொத்தக் கூட்டமும் வலது மூலைக்குத் திரும்பிற்று. தள்ளிப் போய் இடது பக்கம் நின்றாள். இடது பக்கம் வந்தன. பிறகு கணக்குப் பிரிவுக்குப் போய், அங்கே வெட்டியாக உட்கார்ந்திருந்த ஒருவரைக் கூட்டி வந்து பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, தான் வெளியே நின்று கேமராவில் பார்த்தாள். மணி அடித்தது. மீன்கள் தங்கள் சோலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுடைய அத்தனை வருஷ உழைப்பின் முடிவு இதுதான்: மணியை அவை எப்போதோ மறந்துவிட்டன. தீனி போடுகிறவளைத்தான் தெரியும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அவளுக்குள் ஒரு ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை நினைத்துத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பேராசிரியரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கட்டுரையில் கடைசிப் பெயர், அதாவது பொறுப்பேற்கும் மூத்தவரின் இடம், அவருடையது. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அடுத்த ஆராய்ச்சிக்கான பணத்தை வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புன்னு யாரும்மா சொன்னா? விளக்கம் கொஞ்சம் மாறியிருக்கு. அவ்வளவுதான்."

"சார், மணிக்கு அது திரும்பவே இல்ல."

"இப்ப திரும்பல. அப்பத் திரும்பியிருக்கலாமே? உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பவும் நான்தான் சார் நின்னேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்டர்வியூ முடியட்டும். வேலையில உக்காரு. அப்புறம் ஆற அமர ஒரு புதுக் கட்டுரை எழுது, பழசுல ஒரு சின்னத் திருத்தம்னு. உலகம் பூரா அப்படித்தான் நடக்குது. இப்ப வாயைத் திறந்தா உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கற. என் தலையிலயும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பிரச்சினை. அறையை விட்டு வெளியே வரும்போது, அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்று அவளுக்கு முக்கால்வாசி தீர்மானமாகிவிட்டது.

மீதிக் கால்வாசிக்குக் காரணம் ஒரு மாணவி. எங்கோ தூர தேசத்தில் இருக்கிறவள், நேரில் பார்த்ததில்லை. மீன் டாக்டரின் கட்டுரையைப் படித்துவிட்டு, அதையே அடிப்படையாக வைத்துத் தன் முனைவர் பட்ட ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தாள். அவ்வப்போது மின்னஞ்சல் எழுதுவாள். என் மீன்கள் மட்டும் திரும்ப மாட்டேன் என்கின்றன, நான் எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்பாள். மீன் டாக்டரும் அக்கறையாகப் பதில் எழுதுவாள்: தண்ணீரின் சூட்டைப் பாருங்கள், விளக்கை மங்கலாக வையுங்கள், தீனியை மாற்றிப் பாருங்கள். அந்தப் பெண் அத்தனையும் செய்தாள். மீன் டாக்டரை விமானத்தில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டி பக்கத்தில் நிறுத்துவதைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டாள்.

பேராசிரியரைப் பார்த்த அதே வாரம் அவளிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. என் கைக்கு ஆராய்ச்சி வராது என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன், இவ்வளவு நாள் பொறுமையாகப் பதில் எழுதியதற்கு நன்றி என்று எழுதியிருந்தாள். நன்றி என்ற சொல்லை மீன் டாக்டர் இரண்டு முறை படித்தாள். பதில் எழுத உட்கார்ந்தாள். நாலு முறை எழுதி நாலு முறை அழித்தாள். நேர்காணல் முடியட்டும் என்று கணினியை மூடினாள்.

மறுநாள் மதியம் கணவன் போன் செய்தான். குரலில் ஒரு குஷி.

"ஒரு விஷயம் பண்ணிட்டேன். திட்டக்கூடாது."

"என்ன பண்ணீங்க?"

"டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் குடுத்துட்டேன். மேனேஜர் கையெழுத்தும் போட்டாச்சு."

"இன்டர்வியூவே இன்னும் ஆகலயே!"

"உங்க பேராசிரியர் போன வாட்டி என்ன சொன்னார்? மீன் கட்டுரை ஒண்ணே போதும், வேலை உனக்குத்தான்னு சொன்னார்ல? உங்க ஊர் கிளையில ஒரு சீட்டுதான் காலி, நாம விட்டா அத வேற யாராவது அமுக்கிடுவாங்க. பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இப்பவே பொம்மையெல்லாம் மூட்டை கட்டிட்டா."

அவள் மேசை மேலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"என்ன சத்தத்தையே காணோம்? சந்தோஷமில்லையா?"

"சந்தோஷம்தான்" என்றாள்.

கடைசி ஒத்திகை அன்று அவள் பழைய கதையையே பேசினாள். மணி, மீன், ஒரு வருஷம், ஞாபகம். நத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வழக்கமாக அவன் பேச விடவே மாட்டான், மூன்று வாக்கியத்துக்கு ஒரு கேள்வி வரும். அன்று முடியும்வரை வாயே திறக்கவில்லை. முடித்துவிட்டு, "கேள்வி?" என்றாள்.

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு. பெருசு பண்ணிடு" என்றான்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

ஒன்பது வருஷத்தில் அவன் நல்லா இருக்கு என்று சொல்லி அவள் கேட்டதேயில்லை. இருவரும் விளக்கை அணைத்துவிட்டு, அச்சு இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே மேசைக்குத் திரும்பினார்கள்.

நேர்காணல் அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் நடுவில். அவருக்கு வலப்புறம் இரண்டு பேர் பிஸ்கட் தட்டைத் தங்களுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓர் அம்மையார், மீனைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள். அவருக்குப் பக்கத்தில் நிர்வாகத்திலிருந்து ஒருவர், தூக்கத்தைப் பெரிய மரியாதையோடு அடக்கிக்கொண்டிருந்தார்.

அவள் ஆரம்பித்தாள். குரல் நன்றாக வந்தது. எழுத்தைப் பெரிதாக்கியிருந்தாள். மீன் தொட்டியின் படம் திரையில் வந்தது. மணி அடித்ததும் கூட்டமாக வலது மூலையில் நிற்கும் மீன்கள். எத்தனையோ கருத்தரங்குகளில் காட்டிய படம். அதற்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் தூக்கத்திலும் வரும். வாயைத் திறந்தாள். வாக்கியம் வரவில்லை. அந்த மூலையில் மீன்கள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வது? மூட்டை கட்டி வைத்த பொம்மைகள் ஞாபகம் வந்தன. எங்கோ ஒரு பெண் தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டிருப்பதும் ஞாபகம் வந்தது. பொம்மைகளை இன்னொரு நாள் பிரித்துக்கொள்ளலாம்.

"இந்தப் படத்துல நான் இல்ல. ஆனா இருக்கேன்" என்றாள். பிறகு அது யாருக்கும் புரியாது என்று பட்டதால், பழுதான கருவியிலிருந்து ஆரம்பித்து, கொள்முதல் பிரிவு, பொத்தான், தான் நின்ற இடம், நிற்காத நேரம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. உண்மை கட்டுரையைவிடச் சின்னதாகத்தான் இருந்தது.

பிஸ்கட் தட்டு நின்றுவிட்டது. நிர்வாகத்துக்காரர் விழித்துக்கொண்டார்.

"இதை யார் கண்டுபிடிச்சாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"நான்தான் சார்."

"யாராவது புகார் குடுத்திருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எங்ககிட்ட எதுக்கு சொல்றீங்க?"

"இந்தக் கட்டுரைக்காகத்தானே சார் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க."

அம்மையார் மட்டும் முன்னால் சாய்ந்து, நீங்கள் இடது பக்கம் நின்றபோது இடது பக்கம் வந்தனவா என்று கேட்டார். வந்தன என்றாள். உடுப்பை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். கொஞ்ச நேரம் அந்த அறையில் இரண்டு பேர் மட்டும் நிஜமாகவே எதையோ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க நேர்மையை நாங்க மனசாரப் பாராட்டறோம்" என்றார். வேலை கொடுக்கப் போகிறவர்கள் யாரும் நேர்மையைப் பாராட்டுவதில்லை. சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அவள் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

முதல் வேலையாக அந்த மாணவிக்கு எழுதினாள். பிழை உங்களுடையது இல்லை, என்னுடையது, உங்கள் மீன்கள் சரியாகத்தான் நடந்துகொள்கின்றன. பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினாள். பேராசிரியர் அதற்கப்புறம் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்தால் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புக் கருவியைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். மாணவியிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டு வருஷமாக நான் தினமும் அழுதிருக்கிறேன், இதை நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது நியாயம்தான். மீன் டாக்டர் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

பதவி நத்தைக்குக் கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் பெயரைப் பார்த்துவிட்டு அவனைத் தேடிப் போனாள். மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். வேலை கிடைத்தவன் மாதிரியே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்த்து சொன்னாள்.

"ஒண்ணு கேக்கறேன். தீனி போட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

அவன் மழுப்பவில்லை. "ரெண்டாவது நாளே தெரிஞ்சுது. பட்டனை அமுக்கினா ஒண்ணும் அசையல. நீ உள்ள வந்தா எல்லாம் வரிசை கட்டி நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப நேரா சொல்லியிருக்கலாமே? செவிடு, ஸ்ட்ரைக்குன்னு எதுக்கு கிண்டல்?"

"நேரா சொன்னா, போட்டிக்கு நிக்கறவன் குழி தோண்டறான்னு நினைப்ப."

"சொல்லாமயே இருந்திருந்தா?"

"வேலை உனக்குக் கிடைச்சிருக்கும்."

"என் நல்லதுக்கு சொன்னியா, இல்ல உனக்கு ஆகணும்னு சொன்னியா?"

நத்தை தன் செருப்பின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அன்னிலேர்ந்து அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன். ரெண்டும் ஒண்ணாவே இருக்கு. பிரிக்க முடியல. சத்தியமா எனக்கே தெரியல."

அவள் அவனை நம்பினாள். நம்பியதாலேயே கோபம் அதிகமாயிற்று. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு இரண்டு நண்பர்களைச் சுற்றி ஓடவிட்டவர்கள் மேல் கோபப்படலாம் என்றால், அவர்கள் யாரென்றே தெரியவில்லை. அன்று அவர்கள் டீ குடிக்கப் போகவில்லை.

கணவனிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. சொன்னாள். அவன் இடைமறிக்காமல் கேட்டான்.

"யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்காமயே நீயா சொன்ன?"

"ஆமா."

"மீன் உன்னைப் பாத்து திரும்பினா என்ன, மணிக்கு திரும்பினா என்ன? திரும்பிச்சா இல்லையா?"

"அப்படி இல்லைங்க. மீன் எதுக்கு திரும்புதுங்கறதுதான் என் வேலையே."

"அந்த வேலைதான் இப்ப இல்லையே" என்றான். போனை வைத்துவிட்டான். அவனுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், கத்த மாட்டான். மறுநாள் காலை அவனே கூப்பிட்டான். டிரான்ஸ்ஃபரை ரத்து செய்யக் கேட்டிருக்கிறான். இவன் நாற்காலியில் ஏற்கெனவே இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டாராம். டிஃபன் டப்பாவைக்கூட இழுப்பறையில் வைத்துவிட்டாராம்.

"உன் கான்ட்ராக்ட் இன்னும் எவ்வளவு நாள்?"

"ரெண்டு மாசம்."

"அதுக்கப்புறம்?"

"தெரியல. எங்கயாவது பாடம் எடுக்கலாம். இந்த ஊர்லயேதான்."

அவன் பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது. "சரி. வீடு பாரு" என்றான்.

அவள் இரண்டாம் மாடியில் ஒரு வீடு பிடித்தாள். சமையலறை சின்னது, வெளிச்சம் நிறைய. சாமான் வந்த அன்று கணவன் கீழே நின்று, கட்டிலை எந்தப் பக்கம் சாய்த்தால் படியில் ஏறும் என்று சுமை தூக்குகிறவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தான். அவளிடம் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் மட்டும் மேலே ஓடி வந்து, காலி அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பொம்மை மூட்டையைப் பிரிக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ எப்ப போவ?"

"எங்க?"

"ரயிலுக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலமா?"

அந்தக் குழந்தை அவளை எவ்வளவு துல்லியமாகக் கற்று வைத்திருக்கிறது!

"போகலம்மா. இங்கதான் இருப்பேன்."

"வேலைக்கு?"

"கொஞ்ச நாள்ல வேலையும் இருக்காது. வேலை கிடைக்கல."

மகள் அவளை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று முகத்தை இப்படியும் அப்படியும் ஆராய்ந்தாள். பிறகு மூட்டையை அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெருவரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அப்பா! அம்மாவுக்கு வேலை கிடைக்கலையாம்! எங்கயும் போக மாட்டாளாம்! இங்கயே இருப்பாளாம்ப்பா!"

கட்டில் பாதிப் படியில் நின்றது.